உலைத் தண்டின் மேற்றோல்: மின்சூளைகளுக்குரிய செராமிக் கூட்டுப்பொருள்கள் பற்றி வானூர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

மின்சாரத்தால் 1,000 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட உஷ்ணத்தை உண்டாக்கும் உலைகளைப் பற்றி எழுதப் புகுவோர், அவ்வுலையின் தண்டை எந்தப் பதார்த்தத்தால் செய்வது என்ற கேள்வி எழுந்த மாத்திரத்தில், உருகுநிலை அட்டவணையைப் புரட்டி, எது மிக உயர்ந்த உஷ்ணத்தில் உருகுகிறதோ அதுவே சிரேஷ்டம் என்று தீர்ப்புச் சொல்லிவிடுவது இயல்பு. அந்த அளவுகோல் பிழையானது என்பதும், காற்றிலே காயும் தண்டு ஒன்றின் ஆயுளை நிர்ணயிப்பது அதன்மேல் தானாகவே படரும் மெல்லிய தோல்தான் என்பதும், செராமிக் கூட்டுப்பொருள்களின் பிரயோஜனம் பெரும்பாலும் அத்தோலைக் காப்பதிலேயே அடங்கியிருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் கட்சி.

இதற்குப் பிரமாணம் தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. 3,422 பாகையில் உருகும் டங்ஸ்டன், காற்றுப்பட்ட உலையில் ஒருநாள் தாங்காது. சாதாரண அழுத்தத்தில் உருகவே உருகாத கிராஃபைட்டு, 500 பாகையைத் தாண்டியதுமே மெல்ல எரியத் தொடங்கிவிடும். ஆனால் ஏறத்தாழ 1,500 பாகையிலேயே உருகிவிடக்கூடிய, இரும்பும் குரோமியமும் அலுமினியமும் சேர்ந்த காந்தல் கம்பி, தன் உருகுநிலைக்கு 100 பாகை கீழே வரை காற்றில் அசையாமல் நின்று வேலை செய்கிறது. மேலே படரும் அலுமினா ஏடு பிராணவாயுவை உள்ளே விடாது தடுப்பதே காரணம். 1905இல் ஆல்பர்ட் மார்ஷ் கண்டுபிடித்த நிக்ரோமும் குரோமியம் ஆக்சைடுத் தோலை நம்பியே வாழ்கிறது.

வானூர் வட்டாரத்தில் இந்த விவாதம் ஏட்டுச் சுரைக்காய் அன்று. ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியை நிறுவிய பின்னர், அங்குப் பயின்றவர்களும் அவர்களைப் பின்பற்றியவர்களுமாக, ஆரோவில்லையும் அதைச் சூழ்ந்த கிராமங்களையும் ஒட்டி ஸ்டோன்வேர் செய்யும் பட்டறைகள் பல தோன்றியுள்ளன. ஸ்டோன்வேர் என்றால் 1,280 முதல் 1,300 பாகை வரை சுட வேண்டும். சவுக்கு விறகு எளிதில் கிடைக்கும் இக்கரையில் அந்த உஷ்ணத்தை நெருப்பால் எட்டுவது பழகிய வித்தை. மின்சாரத்தால் எட்டுவதோ நிக்ரோம் காயிலுக்கு அப்பாற்பட்ட காரியம். காந்தல் கம்பிக்கும் அதுவே கடைசி எல்லை. அதற்கு மேல் செராமிக் தண்டுகளை அன்றி வேறு கதியில்லை.

அவற்றுள் மூத்தது சிலிக்கான் கார்பைடு. 1890களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் எட்வர்டு அச்சிசன் மணலையும் கரியையும் மின்சாரத்தால் காய்ச்சிப் பெற்ற பொருள் அது; நம் நாட்டில் 1954இல் சென்னையில் தோன்றிய கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் அதன் உற்பத்தியில் ஈடுபட்டுவருகிறது. உடைந்துபோன தண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், அது ஒரே பொருளன்று என்பது பிரத்தியட்சமாகத் தெரியும். நடுப்பகுதியின் முறிவில் கரும்பச்சை நிறப் படிகங்கள் மினுமினுக்க, அவற்றுக்கிடையே ஊசி நுனி அளவிலான துளைகள் நிறைந்திருக்கும். இருமுனைகளின் முறிவோ துளையின்றி அடர்ந்து, உலோகச் சாயலுடன் சாம்பல் பூத்திருக்கும், ஏனெனில் அங்கே உருக்கிய சிலிக்கானைத் துளைகளில் ஊறவைத்து மின்தடையைக் குறைத்திருக்கிறார்கள். நுனியில் அலுமினியப் பூச்சு. அதன்மேல் பின்னிய அலுமினியப் பட்டையைக் கிளிப் போட்டு இறுக்கி மின்சாரம் கொடுப்பார்கள்.

இத்தண்டு காய்ந்ததும் அதன் மேற்பரப்பில் சிலிக்காக் கண்ணாடி ஒன்று படர்கிறது. பிராணவாயு அதனூடே மிக மெதுவாகவே ஊடுருவக்கூடுமாதலால் தண்டு பிழைக்கிறது. ஆனால் அதே சிலிக்கா, துளைகளின் வழியே உட்புகுந்து படிகத்துக்கும் படிகத்துக்கும் நடுவே வளரத் தொடங்கினால், புறத்தே காவலாயிருந்த பொருள் அகத்தே வியாதியாகிறது: படிகங்களின் தொடர்பு ஒவ்வொன்றாக அறுபட, மின்தடை நாளுக்கு நாள் உயர்ந்து, ஆரம்பத்தில் இருந்ததைப்போல் நான்கு மடங்கை எட்டும்போது தண்டு முதுமையடைந்துவிட்டது என்று கழித்துவிடுகிறார்கள். ஈரப்பதம் மிகுந்த காற்றும், முழுதும் உலராத பச்சைப் பாண்டங்களிலிருந்து எழும் நீராவியும் இதைத் துரிதப்படுத்தும். தொழிற்சாலைகளில் அணையாமல் எரியும் உலையைக் காட்டிலும், ஒவ்வொரு முறையும் சுட்டு ஆறவிடும் குயவரின் சூளை தண்டுக்கு அதிகக் கொடுமை செய்வதும் இதன்பாற்பட்டதே. நீண்ட வெப்பத்தில் படிகமாகிவிட்ட சிலிக்கா, ஆறும்போது 270 பாகை அளவில் திடீரெனச் சுருங்கி வெடித்து, தோலில் கீறல்களை உண்டாக்குகிறது. பழைய தண்டுகளின் வரிசையில் ஒன்று முறிந்தால் அதற்கு மட்டும் புதிது வாங்கிப் போடும் சிக்கனம் கூடாது என்று அனுபவஸ்தர் சொல்வதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது: இணைச் சுற்றில் மின்தடை குறைந்த புதிய தண்டின் வழியே மின்சாரம் மிகுதியாக ஓடி, அதை மட்டும் வறுத்துவிடும்.

ஆகவே தோல் வேண்டும், அது வெளியிலேயே நிற்கவும் வேண்டும். இந்த இரண்டையும் சாதித்த முதல் கூட்டுப்பொருள் என்று 1956இல் சுவீடனின் காந்தல் நிறுவனம் வெளியிட்ட மாலிப்டினம் டைசிலிசைடுத் தண்டைச் சொல்லலாம். இந்தச் சிலிசைடின் உருகுநிலை ஏறத்தாழ 2,030 பாகை. டங்ஸ்டனோடு ஒப்பிட்டால் அற்பம். ஆயினும் இது காற்றில் 1,800 பாகைக்கும் மேலே நிற்கிறது. நுண்ணிய சிலிசைடு மணிகளுக்கிடையே ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு அலுமினோசிலிக்கேட் கண்ணாடியைச் சேர்த்துத் துளையே இல்லாதபடி இறுகச் செய்திருப்பதும், காய்ந்தபின் மேற்பரப்பில் ஏற்படும் கீறல்களில் கண்ணாடி கசிந்து அவற்றை மூடிவிடுவதும் இதன் விசேஷம். இதற்கும் ஒரு பலவீனம் உண்டு. 400 முதல் 600 பாகை வரையிலான இடைவெளியில் சிலிக்கா முழுத்தோலாகப் படருமுன்பே மாலிப்டினமும் ஆக்சைடாகி ஊதிப் பெருக, துளையும் வெடிப்பும் உள்ள துண்டுகள் மாவாய் உதிர்ந்துவிடுகின்றன. நன்கு இறுகிய தண்டுகூட மஞ்சள் தூளைச் சொரிந்து பாண்டத்தைக் கெடுக்கும். 1,700 பாகையில் பிழைக்கும் பொருள் 500 பாகையில் கெடுவதற்கு உருகுநிலையைக் கொண்டு சமாதானம் சொல்ல முடியுமா என்பதை எதிர்க்கட்சியார் யோசிக்க வேண்டும்.

சிலிக்காவின் காக்கும் சுபாவம் வானூர் மண்ணுக்குப் பழக்கமானதே. இவ்வட்டத்துத் திருவக்கரையில், சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு மணலில் புதையுண்ட மரங்கள், நிலத்தடி நீரில் கரைந்துவந்த சிலிக்கா ஊறி உறைந்ததனால் நாரோட்டம் கெடாமல் கல்லாய்க் கிடக்கின்றன. கிளையும் வேரும் இன்றி அடிமரமாகவே காணப்படுவது அவை வேற்றிடத்திலிருந்து வந்தவை என்பதற்குச் சாட்சி. 1781இலேயே பிரெஞ்சு அறிஞர் சொன்னராத் இவற்றைக் குறித்து எழுதியிருக்கிறார். இக்கால ஆய்வுக்கூடங்களில் மரத்தைக் கரியாக்கி அதனுள் உருகிய சிலிக்கானைப் பாய்ச்சி, நாரோட்டம் மாறாத சிலிக்கான் கார்பைடைச் சில மணி நேரத்தில் பெறுகிறார்கள். அழகான செயல்தான், துளைகளைச் சிலிக்கான் அடைத்துவிடுவதால் உள்நோய்க்கும் இடமில்லை. ஆனால் எஞ்சிய சிலிக்கான் 1,414 பாகையில் உருகிவிடும். 1,300 பாகைச் சூளைக்குத் தண்டு 1,400 பாகையை நெருங்கிக் காய வேண்டியிருப்பதால், இது குயவருக்கு உடனடியாக உதவாது என்றே எண்ணுகிறேன்.

நெல் விளையும் இப்பகுதியின் ரைஸ்மில்களில் குவியும் உமியைக் கொண்டு சிலிக்கான் கார்பைடு செய்யலாம் என்ற யோசனையும் அடிக்கடி எழுகிறது. 1970களில் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஐவன் கட்லர் அதைச் செய்து காட்டினார். உமியில் சிலிக்காவும் கரியும் இயற்கையாகவே நெருங்கிக் கலந்திருப்பது பெரும் சகாயம். எனினும் உமியின் பொட்டாசியத்தை அமிலத்தால் கழுவி நீக்காவிட்டால், அந்த உப்பு சிலிக்காத் தோலை இளக்கி, பிராணவாயுவுக்கு வழி திறந்துவிடும். மலிவு பேசுவோர் இந்தக் கழுவுசெலவைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இனிக் கூட்டுப்பொருளின் உள்ளமைப்பு. மின்சாரம் கடத்தாத சிலிக்கான் நைட்ரைடில் கடத்தும் சிலிசைடு மணிகளைத் தூவிக் கலந்தால், மின்கடத்துதிறன் கலவை விகிதத்தோடு சீராக உயர்வதில்லை. ஓடையைக் கடக்கப் போட்ட கற்கள் ஒரு கால் எட்டும் நெருக்கத்துக்கு வரும் வரையில் ஒருவரும் அக்கரை சேர முடியாததுபோல, மணிகள் ஒன்றையொன்று தொட்டுத் தொடராகும் வரையில் மின்சாரம் ஓடாது. ஒரே அளவான மணிகள் ஒழுங்கின்றிக் கிடக்குமானால் அத்தொடர் கன அளவில் ஏறத்தாழ 16 சதவீதத்தில் பிறக்கிறது என்று 1970இல் ஷெரும் சாலனும் காட்டினர். டீசல் வண்டி மெக்கானிக் ஹீட்டர் பிளக் என்று சொல்லும் பொருளின் செராமிக் வகைகள் சில இத்தகைய கலவையே. சில விநாடிகளில் 1,000 பாகையை எட்டும் அவற்றில் நைட்ரைடு சூழ்ந்திருப்பதால், 500 பாகையில் சிலிசைடு உதிரும் நோயும் அடங்கிவிடுகிறது.

ஏற்கனவே ஆக்சைடாக உள்ள பொருளுக்குத் தோல் எதற்கு என்று ஒருவர் வினவலாம். நியாயமான ஆட்சேபம். 1897இல் நெர்ன்ஸ்ட் தம் விளக்கில் பயன்படுத்திய சிர்க்கோனியா அப்படிப்பட்டதே. ஆனால் அது குளிர்ந்திருக்கையில் மின்சாரம் கடத்தாததால் முன்கூட்டியே வேறொன்றால் காய்ச்ச வேண்டும். லாந்தனம் குரோமைட்டு அக்குறையற்றது. எனினும் குரோமியம் ஆவியாகிப் பாண்டத்தின் நிறத்தைக் கெடுக்கும்.

குயவர்களுக்கு இதைவிடப் பெரிய இடையூறு ஒன்று உண்டு. செலடான் பச்சையும் செம்புச் சிவப்பும் பெறுவதற்குச் சூளையில் காற்றைக் குறைத்துப் புகையவிட வேண்டும். பிராணவாயு மிகக் குறைந்த அந்நிலையில் சிலிக்கா சிலிக்கான் மோனாக்சைடாகி ஆவியாய்ப் பிரிய, தண்டு தோலுரிந்து நிற்கிறது. இப்பகுதிக் கலைஞர் பலர் மின்சாரத்தை விட்டு விறகையும் வாயுவையும் நாடுவதைப் பழைமைப் பற்று என்று நான் கொள்ளாததற்கு இதுவே காரணம். மின்சூளைதான் வேண்டும் என்பவர்கள், புகைத்துச் சுடும் ஒவ்வொரு முறைக்கும் பின் முழுக் காற்றில் ஒருமுறை சுட்டுத் தோலைத் திரும்ப வளர்த்துக்கொள்வதும், சிலிசைடை விட்டுக் கார்பைடுத் தண்டுகளையே முழு வரிசையாக வாங்கி, மின்னழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்த வல்ல டிரான்ஸ்ஃபார்மரோடு பயன்படுத்துவதும் உசிதம்.

புதிய கூட்டுப்பொருள்களைச் சோதிக்கும் நம் ஆய்வுக்கூடங்களும் உச்ச உஷ்ணத்தில் இடைவிடாது காய்ச்சிப் பார்ப்பதோடு நில்லாமல், சுட்டும் ஆற்றியும், ஈரக் காற்றைச் செலுத்தியும், கிராமத்துக் கரண்ட் கட்டைப் போல 500 பாகையில் மணிக்கணக்கில் நிறுத்தியும் அவற்றின் மின்தடையை அளந்து வெளியிட வேண்டும்.