மித்லாவின் கற்பதிப்பும் தறிக் கோலமும்

பழஞ்சமுதாயங்களின் நெசவு வரலாற்றை எழுதப் புகுவார்க்கு முதற்கண் எதிர்ப்படும் இடர், சான்றாதற்குரிய துணி எஞ்சாமையாகும். மெக்சிக்கோ நாட்டில் இவ்விடர் பெரிது. 1521-இல் இசுபானியர் வெற்றி கொள்வதற்கு முன் அங்கு நெய்யப்பட்டவற்றுள் இன்று கிடைப்பன மிகச் சில துண்டுகளே. ஆதலின் அறிஞர் துணியைப் பற்றிக் கல்லை வினவுகின்றனர். அவ்வினாவிற்கு விடை தருவதாகப் பலரும் காட்டுவது, தென் மெக்சிக்கோவின் ஒவஹாகாப் பள்ளத்தாக்கிலுள்ள மித்லா என்னும் ஊரின் கட்டடத் தொகுதியாகும். அவ்விடை எத்துணை உறுதியுடையது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

மித்லா, சபோத்தெக்கு மக்களின் சமயத் தலைமையிடமாக விளங்கியது. இன்று நிற்கும் அரண்மனைகளுட் பெரும்பாலன ஏறத்தாழக் கி.பி. 1200-க்கும் 1500-க்கும் இடைப்பட்டவை. இவற்றின் கற்பதிப்பில் மனிதரோ விலங்கோ தெய்வமோ இல்லை. சுவர், நீண்ட பட்டைகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு பட்டையிலும் படியும் சுருளும் இணைந்த ஒரு கோலம் இடையறாது ஓடுகின்றது. சிறு சிறு கற்களைத் தனித்தனியே செதுக்கி, சில முன்தள்ளியும் சில உள்வாங்கியும் நிற்குமாறு பொருத்திய வேலை இது. வெயில் சாயுந்தோறும் நிழலே கோலத்தை வரைந்து காட்டுகின்றது. வாயில்களின் மேல் உத்தரமாகக் கிடப்பன பெருங்கற்கள். அங்குச் சிறு கல் பதித்தற்கு இடமில்லை. ஆயினும் கொத்தர் கோலத்தை அறுத்தாரல்லர். துண்டுகளைப் பொருத்தினாற்போன்ற தோற்றம் அமைய, அப்பெருங்கல்லின் முகத்திலேயே செதுக்கி முடித்தனர்.

இக்கோலம் தறியிற் பிறந்தது என்பார் முதலிற் காட்டுவது படிக்கோடு. பாவும் ஊடையும் நேர்க்கோணத்தில் வெட்டுவன ஆதலின், சாய்கோட்டை நெய்யப் புகுந்தால் அது படிப்படியாகவே அமையும். கல்லுளிக்கோ அத்தடை இல்லை, வளைவும் எளிதே. வளைய வல்ல கருவி படியாக ஏறியதற்குத் தறியே காரணம் என்பது அவர் வாதம். பார்த்த அளவில் இது வலிமையுடையதாகவே தோன்றும். எனினும், நீள்சதுரக் கற்களை வரிசை வரிசையாக அடுக்கும்போதும் சாய்கோடு படியாகவே ஏறும் என்பதை நாம் மறத்தலாகாது. பாய் முடைதற்கும் இஃது ஒக்கும். பா என்னும் ஒரு சொல்லாலேயே செய்யுளையும் தறியின் நெட்டிழையையும் வழங்கும் நமக்கு, ஒரு தொழிலின் சாயல் மற்றொன்றிற் படிதல் வியப்பன்று. ஆயினும் சாயல் வேறு, சான்று வேறு.

வலிய சான்றுகள் பிறவுள. பட்டைகளின் மேலும் கீழும் துணிக்குக் கரை கட்டினாற்போலச் சட்டமிட்டுள்ளமை ஒன்று. கோலமும் அதன் வெளியும் ஒரே வடிவினவாய், எது கோலம் எது வெளி எனப் பிரிக்கவியலாது நிற்றல் மற்றொன்று. ஈரிழை நெசவில் இவ்வமைதி எளிதில் வரும். இவற்றினும் சிறந்தது, அண்டை மக்களாகிய மிக்ஸ்தெக்கரின் மான்தோல் ஏடுகள் தரும் சான்று. அவற்றில் இப்படிச்சுருள் கட்டடங்களின்மேலும் மாந்தர் உடைகளின்மேலும் ஒருங்கே தீட்டப்பட்டுள்ளது. எனவே கல்லும் துணியும் ஒரே கோலத்தைப் பகிர்ந்தன என்பது உறுதி. எது முந்தியது என்பதை அவ்வேடுகள் கூறவில்லை.

பிற்காலத்தார் இவ்வுறவைத் தம் போக்கிற்கேற்ப வளர்த்தனர். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட், 1923 முதல் கலிபோர்னியாவில் எழுப்பிய சில வீடுகளில், கோலமிட்ட கான்கிரீட்டுக் கட்டிகளின் இடுக்குகளில் இரும்புக் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டினார். அவற்றை நெசவுக் கட்டி என்றே வழங்கினார். மித்லாவில் துணியின் தோற்றம் மட்டுமே உண்டு. இங்கோ கட்டுமானமே நெசவாயிற்று.

மித்லா இருக்கும் அதே பள்ளத்தாக்கில் தெயோத்தித்லான் என்னும் நெசவூர் உள்ளது. அங்கு இன்று நெய்யப்படும் கம்பளி விரிப்புகளில் மித்லாச் சுவரின் கோலங்கள் மிகுதி. இவற்றைப் பழந்தறியின் நேர்வழி எச்சமாகக் காட்டுவாரும் உளர். அது பிழை. செம்மறியாட்டுக் கம்பளியும் மிதிதறியும் இசுபானியர் கொணர்ந்தவை. கோலமோ பெரிதும் சுவரைப் பார்த்து எடுத்தது. சுவரிலிருந்து பெற்றதைச் சுவருக்கே மூலமாகக் காட்டுதல் ஆய்வு ஆகாது. வெற்றிக்கு முன் அந்நாட்டுப் பெண்டிர் நெய்தது இடுப்பிற் கட்டும் தறியில். அத்தறி, அதே பள்ளத்தாக்கின் ஹலியேசா என்னும் சிற்றூரில் இன்றும் உண்டு. பெண்டிர் அதிற் கச்சை நெய்கின்றனர். ஆய்வாளர் அங்குச் சென்று முதலிற் காணவேண்டியது கோலத்தை அன்று. ஒவ்வோர் ஊடைக்கும் எத்தனை பாவிழைகள் எடுக்கப்படுகின்றன என்பதையே.