விளக்குக்கு 96 ஆடு

சோழர் காலக் கோயில் சுவர்களைப் படித்தால் மீண்டும் மீண்டும் வரும் கொடை, நொந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு. கொடையாளர் பெரும்பாலும் 96 ஆடுகளை விடுவார். இடையர் ஒருவர் அவற்றை ஏற்று, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளப்பார். கிழடு தட்டிய ஆட்டின் இடத்தைக் குட்டி நிரப்பும். கணக்கில் 96 குறையாது. ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டுகள் அவற்றைச் சொல்வது அதனால்தான்.

காசாகக் கொடுத்தால் வழி வேறு. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்த காசை ஊர்ச் சபைகள் முதலாகப் பெற்றுக்கொண்டன. ஆண்டு வட்டி, காசுக்கு அரைக்கால் காசு. அதாவது நூற்றுக்கு 12½. சில சபைகள் வட்டியை நெல்லாக அளந்தன. திருமஞ்சன நீருக்கு ஏலமும் சண்பக மொட்டும் வாங்குவதற்கென்றே வைத்த முதல்கூட உண்டு. எதற்குக் கொடுத்தாரோ அதற்கே செலவாக வேண்டும் என்பதில் கொடையாளர் அவ்வளவு கண்டிப்பாக இருந்தார். சிவன் கோயில் கொடை என்றால் ‘பன்மாகேசுவரர் இரட்சை’ என்று முடித்து, அடியார் கூட்டத்தையே காவல் வைத்தனர்.

ஆட்டுக்கும் காசுக்கும் அடங்காத பெரும் பணிகளுக்கு நிலம்தான். முதலாம் இராசேந்திரன் காலத்தில் எண்ணாயிரம் என்ற ஊரில் 340 மாணவர் படித்த கல்லூரி நில வருவாயில் நடந்தது.

இவற்றில் மனத்தை மிகவும் தொடுவது திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் அந்த ஊரின் பெருமாள் கோயிலில், 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று 15 கட்டில் கொண்ட ஆதுலர்சாலையை, அதாவது மருத்துவமனையை, விவரிக்கிறது. மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்பவருக்கு 30 கலம். மூலிகை பறித்து, விறகு சுமந்து, மருந்து காய்ச்ச இருவர். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் இருவர். நோயாளி ஒருவருக்கு நாளுக்கு நாழி அரிசி. இரவில் எரியும் விளக்குக்குக்கூட எண்ணெய் ஒதுக்கப்பட்டிருந்தது.

இன்று தொண்டு நிறுவனம் நடத்துவோர் அடிக்கடி மோதும் சுவர் இதுதான்: கட்டடத்துக்கும் கருவிக்கும் பணம் கிடைக்கும், சம்பளத்துக்குக் கிடைப்பது அரிது. செவிலி இல்லாத கட்டிலால் நோயாளிக்கு என்ன பயன்? திருமுக்கூடலில் அறக்கட்டளையை எழுதியவர்கள் விறகு சுமப்பவரின் கூலியையும் கல்லில் வெட்டினார்கள். ஓராண்டுக்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளையும் பெயர் சொல்லிப் பட்டியலிட்டார்கள்.