யார் பார்த்திருக்க எண்ணினார்கள்?
வாக்கெண்ணும் இயந்திரங்களும் உள்ளூராட்சித் தேர்தல்களும்

எம்மவர் நாலுபேர் கூடித் தேர்தல் பற்றிப் பேசத் தொடங்கினால், எங்கேயோ ஓரிடத்தில் ஒருவர் இப்படிச் சொல்லி முடிப்பார்: "மனிசன் எண்ணினால் களவு. மெசின் எண்ணினால் களவில்லை." 1981 யாழ்ப்பாணத்தையும் 1982 டிசம்பர் சர்வசன வாக்கெடுப்பையும் அறிந்த ஒரு தலைமுறையிடமிருந்து இந்த வாசகம் வருவதில் வியப்பில்லை. ஆனால் இதனை ஒரு முடிந்த முடிபாக எம் மத்தியில் படித்தவர்களே எடுத்துக்கொள்வதுதான் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. நாம் தஞ்சம் புகுந்த நாடுகளின் உள்ளூராட்சித் தேர்தல் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்த்தால், அங்கே கிடைக்கும் பாடம் வேறு.

உள்ளூராட்சித் தேர்தலை நான் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. புகலிடத் தமிழரில் பலருக்குப் புதிய நாட்டில் கிடைத்த முதல் வாக்கு அதுவே. சுவீடன் 1976இல், டென்மார்க் 1981இல், நோர்வே 1983இல், நெதர்லாந்து 1986இல் என, பிரசையல்லாத வெளிநாட்டவர்களும் குறிப்பிட்ட காலம் வசித்திருந்தால் உள்ளூர்ச் சபைகளுக்கு வாக்களிக்கலாம் என்று இந்நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றுக்கொண்டன. நோர்வேயில் மூன்று வருட வசிப்பு போதுமானது. வடக்கே பின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் நின்ற எம் இளைஞன், கடவுச்சீட்டுக்கு வழியில்லாத நிலையிலும், தன் கொம்யூனின் பள்ளிக்கூடத்தையும் பனியள்ளும் வண்டியையும் தீர்மானிக்கும் சபைக்கு வாக்களித்தான். ஜேர்மனியில் இது வாய்க்கவில்லை. ஹம்பேர்க்கும் ஷ்லெஸ்விக்-ஹொல்ஸ்டைனும் வெளிநாட்டவருக்குக் கொடுக்க முன்வந்த உள்ளூர் வாக்குரிமையை, அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் 1990 ஒக்டோபர் 31இல் செல்லாது என்றது. இந்த நீதிமன்றம் பின்னரும் இக்கட்டுரையில் வரும்.

நோர்வேயின் உள்ளூராட்சி வாக்குச் சீட்டு சற்று விசித்திரமானது. கட்சிக்கு ஒரு சீட்டு. அதில் வேட்பாளர் பெயர்கள் வரிசையாக இருக்கும். விரும்பிய பெயர்களுக்குப் பக்கத்தில் அடையாளமிட்டு அவர்களை மேலே தூக்கலாம். இலங்கை வாசகருக்கு இதனை விருப்பு வாக்கு என்றால் விளங்கும். அதற்கு மேலும் ஒன்று உண்டு: வேறொரு கட்சியின் வேட்பாளர் பெயரைக் கையால் எழுதிச் சேர்க்கலாம். அப்படி எழுதும்போது வாக்கின் ஒரு சிறு துண்டு அந்தக் கட்சிக்குப் போய்விடுகிறது. ஒஸ்லோ மாநகரசபையில் 59 உறுப்பினர். ஆகவே ஒவ்வொரு சீட்டும் 59 பங்குகளாகக் கொள்ளப்படும். மாற்றுக் கட்சிக்காரர் ஒருவரை எழுதினால் 59இல் ஒன்று அங்கே போகும்.

முன்னர் பெயர்களை வெட்டவும் முடிந்தது. 1971 தேர்தலில் பெண்கள் இதனைத்தான் ஆயுதமாக்கினர். ஆண்களின் பெயர்களை வெட்டியும் பெண்களை உயர்த்தியும் வாக்களிக்கும்படி ஒழுங்காகப் பிரச்சாரம் செய்து, ஒஸ்லோ, துரொண்யெம், அஸ்கர் ஆகிய மூன்று சபைகளிலும் பெண்களைப் பெரும்பான்மையாக்கினர். நோர்வேஜியர் இன்றும் இதைப் 'பெண்களின் சதிப்புரட்சி' என்பார்கள். வெட்டும் உரிமை 2003 தேர்தலுடன் நீக்கப்பட்டது. என் பார்வையில் அது நல்ல காரியமே. விளங்காத பெயரைக் கண்டதும் பேனையை எடுக்கும் கை எங்கும் உண்டு. எங்கள் பெயர்களின் நீளமும் தெரிந்ததே.

இப்படிப்பட்ட சீட்டை எண்ணுவது என்பது கட்டுக்கட்டாக அடுக்கித் தொகையைச் சொல்லும் வேலை அல்ல. ஒவ்வொரு சீட்டையும் வாசிக்க வேண்டும். நான் வாழும் நகரத்தில் ஒருமுறை வாக்கெண்ணும் பணியில் அமர்ந்திருக்கிறேன். கட்சிவாரியாகப் பிரித்து எண்ணுவது ஒரு மாலைப்பொழுதுக்குள் அடங்கிவிடும்; இருவர் எண்ணி, வேறு இருவர் மீள எண்ணி, தொகை பொருந்தாவிட்டால் திரும்பவும் முதலிலிருந்து. பெயர்களுக்குக் கிடைத்த அடையாளங்களை அதே விதமாக எண்ணுவதென்றால் ஒரு பெருநகரம் எத்தனை நாள் விழித்திருக்க வேண்டும் என்பதை அன்று கண்டேன். இயந்திரம் வந்தது சோம்பலினால் என்று சொல்பவர்கள் அந்த மேசையில் இருந்து பார்க்கவில்லை. வாக்காளனுக்குக் கூடுதல் சுதந்திரம் கொடுத்த சீட்டுத்தான் இயந்திரத்தையும் அழைத்து வந்தது.

நோர்வேயில் அரசே உருவாக்கிய மின்னணுத் தேர்தல் நிர்வாக முறை 2011இல் பரீட்சிக்கப்பட்டுப் பின்னர் நாடு முழுவதற்கும் வந்தது. அதனோடு ஸ்கானர்களும் வந்தன. சீட்டைப் படம்பிடித்து, அடையாளங்களை வாசித்து, தொகையைத் தரும். ஸ்கானருக்குச் சந்தேகம் வந்தால் திரையில் காட்டும். மனிதர் பார்த்து முடிவு சொல்வார். இதே காலத்தில் இணையத்தினூடாக வாக்களிக்கும் பரிசோதனையும் நடந்தது; 2011இல் 10 கொம்யூன்களிலும் 2013இல் 12 கொம்யூன்களிலும். 2014இல் அரசாங்கம் அதனைக் கைவிட்டது. ஸ்கானர்கள் தொடர்ந்தன. கடதாசி இருக்கிறதே, பயமென்ன என்பது பொதுவான எண்ணம்.

2017 செப்டம்பர் 11 பாராளுமன்றத் தேர்தல் நாள். அதற்குப் பத்து நாள் முன்னர், வாக்களிப்பு ஏற்கெனவே தொடங்கிவிட்ட நேரத்தில், பொறுப்பான அமைச்சு ஒரு விதியைக் கொண்டுவந்தது: எல்லா வாக்குச் சீட்டுகளும் ஒரு தடவையாவது கையால் எண்ணப்படவேண்டும். யாரோ புகுந்து தொகையை மாற்றினார்கள் என்பதற்காக அல்ல. அமெரிக்காவின் 2016 தேர்தலுக்குப் பின் கிளம்பிய கேள்விகளும், ஸ்கானர்களும் அவற்றுடன் இணைந்த கணினிகளும் எவ்வளவு பாதுகாப்பானவை என்று உள்நாட்டில் எழுந்த விவாதமுமே காரணம். கொம்யூன் அதிகாரிகள் தலையிலடித்துக்கொண்டனர். பத்து நாளில் எண்ணுவதற்கு ஆட்களை எங்கே தேடுவது? தேடினார்கள். எண்ணினார்கள். 2019 உள்ளூராட்சித் தேர்தலிலும் அந்த விதி இருந்தது. இதனை நான் நோர்வேயின் பெருமையாகச் சொல்ல வரவில்லை. மக்கள் தேர்தலில் வைக்கும் நம்பிக்கை மிக உயர்ந்துள்ள நாடு இது. அத்தகைய நாடே தன் இயந்திரத்தை நம்பும்படி வாக்காளரிடம் கேட்பது போதாது என்று கண்டதே இங்கு கவனிக்கத்தக்கது.

இயந்திரம் எண்ணுவதோடு நிற்பதில்லை, தீர்ப்பும் சொல்கிறது. இதற்கு ஸ்கொட்லாந்தைப் பார்க்கவேண்டும். 2007 மே 3இல் அங்கே பாராளுமன்றத் தேர்தலும் உள்ளூராட்சித் தேர்தலும் ஒரே நாளில் நடந்தன. உள்ளூர்ச் சபைகளுக்கு முதன்முறையாக 1, 2, 3 என்று வரிசை எண் இடும் முறை. அதைக் கையால் எண்ணுவது பெரும்பாடு என்பதால் ஸ்கானர்கள். பாராளுமன்றத்துக்கான இரண்டு வாக்குகளும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக அச்சிடப்பட்டிருந்தன. இரவு சில இடங்களில் எண்ணும் வேலையே நின்றுபோனது. முடிவில் 140,000க்கும் மேற்பட்ட பாராளுமன்ற வாக்குகள் செல்லுபடியற்றவையாகின. கனடியரான றொன் கூல்ட் தலைமையில் நடந்த விசாரணை, பழியின் பெரும்பங்கைச் சீட்டின் வடிவமைப்பின் மீதும், கட்சிகளின் நலனை வாக்காளரின் நலனுக்கு முன்னே வைத்தவர்கள் மீதும் போட்டது. புதிதாக வந்த வரிசை எண் முறையில் நிராகரிப்பு ஒப்பீட்டளவில் குறைவுதான். ஆனால் அந்த அறிக்கையில் என்னை நிறுத்திய விடயம் வேறு: வெறுமை என்று இயந்திரம் கண்ட சீட்டுகள் ஒரு மனிதக் கண்ணுக்கும் காட்டப்படாமலே நிராகரிக்கப்பட்டன. யாழ்ப்பாணத்தில் ஒரு செல்லுபடியற்ற சீட்டுக்காக முகவர்கள் மேசையைத் தட்டிச் சண்டை பிடித்த காட்சிகளை நினைத்துப் பாருங்கள். அந்தச் சண்டையும் தேர்தலின் ஒரு பகுதிதான். அதற்கு அங்கே இடமே இருக்கவில்லை.

கடதாசியே இல்லாத இயந்திரங்களின் கதை இன்னும் மோசம். நெதர்லாந்தில் நெடாப் என்ற கம்பனியின் பொத்தான் இயந்திரங்கள் கிட்டத்தட்ட நாடு முழுவதும் பரவியிருந்தன. 2006 மார்ச் உள்ளூராட்சித் தேர்தலில் லாந்தர்ட் என்ற சிறிய ஊரில் ஒரு வேட்பாளர், தானே இயந்திரத்தை இயக்கிய வாக்குச்சாவடியில் 181 வாக்குகளும், ஏனைய சாவடிகள் அனைத்திலும் சேர்த்து 11 வாக்குகளும் பெற்றார். விசாரணை நடந்தது. ஆனால் மீள எண்ணிப் பார்க்க ஒரு சீட்டும் கிடையாது. அதே வருடம் அம்ஸ்ரடாமைச் சேர்ந்த றொப் கொங்கிறைப் முதலானோர் அந்த இயந்திரத்தின் நிரலை மாற்றித் தொலைக்காட்சியில் காட்டினர்; அதைச் சதுரங்கம் ஆடவும் வைத்தனர். ஒரு கட்சியின் பெயரில் இருந்த உச்சரிப்புக் குறி ஒன்றினால் திரை வெளியிடும் வானொலி அலை மாறுவதையும், அதைக் கொண்டு ஒருவர் எக்கட்சிக்கு வாக்களித்தார் என்று வெளியிலிருந்தே அறியலாம் என்பதையும் கண்டுபிடித்தனர். 2008இல் நெதர்லாந்து சிவப்புப் பென்சிலுக்குத் திரும்பியது.

அயர்லாந்து இதே கம்பனியின் இயந்திரங்களை 5 கோடி யூரோவுக்கும் மேல் செலவிட்டு வாங்கி, 2004 ஜூன் உள்ளூராட்சித் தேர்தலில் நாடு முழுவதும் பயன்படுத்த ஆயத்தமானது. துல்லியத்துக்கும் இரகசியத்துக்கும் உத்தரவாதம் தரமுடியாது என்று சுயாதீன ஆணைக்குழு கூறியதால் கடைசி வாரங்களில் கைவிட்டது. களஞ்சியத்தில் கிடந்த அவை 2012இல் சுமார் 70,000 யூரோவுக்குப் பழைய இரும்பாக விற்கப்பட்டன. அந்நாட்டில் பெட்டி திறக்கும்போது தடுப்புக்கு வெளியே நின்று, ஒவ்வொரு சீட்டையும் எட்டிப்பார்த்துத் தாமே கணக்கெழுதும் கட்சித் தொண்டர்கள் உண்டு. உத்தியோகபூர்வ முடிவுக்குப் பல மணிநேரம் முன்னரே அவர்களின் கணக்கு ஊரெங்கும் பரவிவிடும். 2002இல் மூன்று தொகுதிகளில் இயந்திரம் பரீட்சிக்கப்பட்டபோது, முன்னாள் அமைச்சர் நோரா ஓவன் தான் தோற்றதை முன்னறிவிப்பு எதுவுமின்றி மேடையில் வைத்தே அறிந்தார். அந்த முகத்தைத் தொலைக்காட்சியில் கண்டவர்களுக்கு, தொண்டர்களின் கணக்குப் புத்தகம் வெறும் பழம் பழக்கம் அல்ல என்பது விளங்கியது.

இனி அந்த ஜேர்மன் நீதிமன்றம். 2005 பொதுத்தேர்தலில் ஏறத்தாழ 20 இலட்சம் வாக்காளர் நெடாப் இயந்திரங்களில் வாக்களித்திருந்தனர். தந்தையும் மகனுமான இருவர் தொடுத்த வழக்கில் 2009 மார்ச் 3இல் தீர்ப்பு வந்தது. மோசடி நடந்ததாக நீதிமன்றம் கூறவில்லை. வாக்களிப்பினதும் எண்ணுவதினதும் முக்கிய படிகளை, விசேட தொழில்நுட்ப அறிவு இல்லாத பிரசையும் தானே சரிபார்க்கக் கூடியதாக இருக்கவேண்டும். அந்த இயந்திரங்கள் அதற்கு இடம் தரவில்லை என்றது. எமக்கு உள்ளூர் வாக்குக்கூட இல்லை என்று 1990இல் சொன்ன அதே நீதிமன்றம், தேர்தலின் பகிரங்கத் தன்மையைப் பற்றி அண்மைக்காலத்தில் வந்த மிகத் தெளிவான தீர்ப்பையும் எழுதியிருக்கிறது. வரலாற்றில் இப்படியும் நடக்கிறது.

இவற்றை வைத்துக்கொண்டு 1981க்கு வருகிறேன். அதுவும் ஓர் உள்ளூர்த் தேர்தலே. ஜூன் 4, மாவட்ட அபிவிருத்திச் சபை. நூலகம் எரிந்து மூன்று நான்கு நாட்கள். கொழும்பிலிருந்து வந்த அமைச்சர்கள் நகரில். பயிற்றப்பட்ட தேர்தல் அலுவலர்கள் பலருக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் வெளியிலிருந்து ஆட்கள் அமர்த்தப்பட்டனர். சில வாக்குப் பெட்டிகள் காணாமற் போயின. அப்படியிருந்தும் யாழ் மாவட்டத்தின் 10 ஆசனங்களும் கூட்டணிக்கே போயின. இதில் பிழை எங்கே நடந்தது? எண்ணிய விரல்களில் அல்ல. யார் அமரவேண்டும், யார் பார்த்திருக்கவேண்டும் என்பதைத் தீர்மானித்த இடத்தில். அதே ஆட்களின் கையில் ஓர் இயந்திரத்தைக் கொடுத்திருந்தால்? பெட்டி காணாமற் போனது எமக்குத் தெரிய வந்தது, பெட்டி என்று ஒன்று இருந்தபடியால். அலுவலர் மாற்றப்பட்டது தெரிய வந்தது, அலுவலரை ஊருக்குத் தெரிந்திருந்தபடியால். இயந்திரத்தின் உள்ளே நிரல் மாற்றப்பட்டிருந்தால் நாங்கள் இன்று வைத்திருக்கும் சாட்சியம்கூட இருந்திராது. "மெசின் எண்ணினால் களவில்லை" என்னும் நண்பர்கள் இதற்குப் பதில் சொல்லவேண்டும்.

அதற்காக எல்லாவற்றையும் விரல்விட்டு எண்ணச் சொல்லவும் நான் தயாரில்லை. அந்த மேசையில் இருந்தவன் என்ற வகையில் அது நடைமுறைக்கு ஒவ்வாது என்று தெரியும். களைத்த மனிதர் நள்ளிரவில் விடும் பிழைகளையும் கண்டிருக்கிறேன்; அடையாளங்களைக் கூட்டும் வேலையில் ஸ்கானர் எம்மைவிடத் திறம் என்பதில் எனக்கு ஐயமில்லை. என் கேள்வி இன்னும் குறுகியது. 2017க்குப் பின் நோர்வேயில் கையால் எண்ணப்படுவது முதற்கட்ட எண்ணிக்கை. அதில் கட்சிகளுக்குக் கிடைத்த தொகைதான் தெரியவரும். பெயர்களுக்கு இடப்பட்ட அடையாளங்களும் கையால் எழுதிச் சேர்த்த பெயர்களும் இறுதி எண்ணிக்கைக்கு உரியவை. ஸ்கானர் உள்ள கொம்யூன்களில் அவை ஸ்கானரின் வழியே போகின்றன. பட்டியலின் கீழே போடப்பட்ட வெளிநாட்டுப் பின்னணி கொண்ட வேட்பாளர் பலர் மேலே வந்தது இந்தப் பெயர் வாக்குகளால்தான். ஒஸ்லோவில் பாகிஸ்தானியர் இதை எம்மைவிட முந்தியே விளங்கிக்கொண்டனர். எம் பிள்ளைகளும் இப்போது சபைகளில் இருக்கின்றனர். யாழ்ப்பாணத்தில் பிறந்த கம்சாயினி குணரத்தினம் 2007இல் 19 வயதில் ஒஸ்லோ மாநகரசபைக்குள் வந்து 2015இல் துணைமேயரானார். ஆக, கட்சிகளின் தொகைக்கு மனிதச் சாட்சி உண்டு. எம்மவர்களைத் தூக்கிவிடும் வாக்குக்கு அந்த அளவில் இல்லை.

ஒவ்வொரு கொம்யூனின் தேர்தல் சபையும் தான் எண்ணிய விதத்தைப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். அது பகிரங்க ஆவணம். எழுதிக் கேட்டால் தருவார்கள். பெயர் வாக்குகளில் எத்தனை கட்டுகளை எடுத்துக் கையால் ஒப்பிட்டுப் பார்த்தீர்கள், யார் முன்னிலையில், எவ்வளவு வித்தியாசம் வந்தது என்று அடுத்த தேர்தலுக்கு முன் தத்தம் கொம்யூனில் கேட்கக்கூடியவர்கள் இவ்விதழின் வாசகர்களிலேயே பலர் இருக்கிறார்கள். வரும் பதில்களை அனுப்பிவைத்தால், ஒப்பிட்டு எழுத நான் ஆயத்தம்.