ஒரே எசமான், இரண்டு பொலிஸ்

குசினியில் கோப்பை கழுவும்போது எங்கட ஆட்கள் அடிக்கடி சொல்லுற கதை ஒன்று இருக்கு. "வெள்ளைக்காரனுக்கு ஒழுங்கு இரத்தத்திலேயே ஊறினது. எங்கட சனத்துக்கு அடி விழுந்தால்தான் ஒழுங்கு வரும்." லண்டனுக்கு வந்த நாள் தொட்டு கேட்டு அலுத்த கதை. வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால் இது நிற்காது.

1780 இல் இதே லண்டன் கோர்டன் கலவரத்தில் நாட்கணக்காக எரிந்தது. அடக்க வந்த இராணுவம் 200 பேருக்கு மேல் சுட்டுக் கொன்றது. 200 இற்கும் அதிகமான குற்றங்களுக்குத் தூக்குத் தண்டனை இருந்த காலம் அது. அப்படியிருந்தும் களவு குறையவில்லை. 1829 இல் உள்துறை அமைச்சர் ரொபேர்ட் பீல் லண்டனுக்கென்று பொலிஸ் படையைத் தொடக்கினார். இராணுவத்தின் சிவப்பைக் கண்டால் சனம் வெறுக்கும் என்று நீல உடுப்பு. கையில் துவக்கு இல்லை, பொல்லு மட்டும். கழுத்துப்பட்டியில் இலக்கம். அடித்தவன் யார் என்று முறையிட அந்த இலக்கம் போதும்.

இதே பீல்தான் 1814 இல் அயர்லாந்திலும் ஒரு படை அமைத்தவர். அதன் வழியில் வந்த ஐரிஷ் பொலிஸ் வேறு சாதி. துவக்கு, முகாம் வாழ்க்கை, அடங்காத சனத்தை அடக்குகிற வேலை. வெள்ளைக்காரன் தான் ஆண்ட நாடுகளுக்குப் பெரும்பாலும் அனுப்பினது இந்த அச்சைத்தான். இலங்கையில் 1865 இல் பொலிஸ் கட்டளைச் சட்டம் வந்தது. போகிற போக்கில் 1947 இல் பொதுமக்கள் பாதுகாப்புச் சட்டத்தையும் தந்துவிட்டுப் போனான். பெயரில் மட்டும் பாதுகாப்பு! அவசரகாலச் சட்டமெல்லாம் அதிலிருந்துதான் பிறந்தது. 1979 இல் நாங்களே செய்த பயங்கரவாதத் தடைச் சட்டமோ வழக்கில்லாமல் 18 மாதம் அடைத்து வைக்க இடம் கொடுத்தது.

கொழும்பில் என்ரை அடையாள அட்டை தொலைந்தபோது பொலிசில் முறைப்பாடு கொடுக்கப் போனேன். சிங்களத்தில் எழுதினார்கள். என்ன எழுதினார்கள் என்று தெரியாமலே கையெழுத்து வைத்தேன். 2007 யூன் மாதம் கொழும்பு லொட்ஜ்களில் இருந்த 300 இற்கும் மேற்பட்ட தமிழரைப் பொலிசே பஸ்ஸில் ஏற்றி நகரத்தை விட்டு அனுப்பினது. உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் நின்றது.

லண்டன் பொலிஸ் தேவதூதர் என்று நான் சொல்ல வரவில்லை. 1993 இல் ஸ்டீபன் லோரன்ஸ் என்ற கறுப்பின இளைஞன் கொல்லப்பட்டான். விசாரணையைப் பொலிஸ் கோட்டை விட்டது. ஆனால் தாயும் தகப்பனும் விடவில்லை. 1999 இல் மக்பேர்சன் அறிக்கை, பொலிசுக்குள் நிறுவனமயமான இனவாதம் இருக்கென்று அரசாங்கத்தின் பெயரிலேயே எழுதினது. 2012 இல் இரண்டு பேர் சிறைக்குப் போனார்கள். 19 வருசம் பிந்தித்தான், ஆனாலும் நடந்தது.

ஆகவே வித்தியாசம் இரத்தத்தில் இல்லை. பொலிசுக்கு எதிராகப் பொலிசிலேயே முறையிட்டுவிட்டு உயிரோடு வீடு திரும்பலாமா என்பதில்தான் இருக்கு. இரவு ஒரு மணிக்கு வேலை முடிந்து பஸ்ஸுக்கு நடக்கையில் பொலிஸ் காரைக் கண்டால் என்ரை கை இன்னும் தானாகச் சட்டைப் பையைத் தடவும். இங்கே பிறந்த என்ரை மகளோ வழி தெரியாவிட்டால் நேரே பொலிசிடம் போய்க் கேட்கிறாள். அவளுக்கும் எனக்கும் ஒரே இரத்தம்தானே?