பாட்டில் மூடிக்குள் ஒரு கருப்புப் புள்ளி: 150 வருஷக் கதை (த்ரெட்)

1/
ஞாயிறு காலையில வாழப்பாடியிலிருந்து புழுதிக்குட்டை ஆனைமடுவு அணை வரைக்கும் சைக்கிள் மிதிக்கிறது என் வழக்கம். போன வாரம் பாட்டிலை வாயில் வைத்து உறிஞ்சினேன். ஈரத்துணி வாடை! வீட்டுக்கு வந்து மூடியைப் பிரிச்சுப் பார்த்தா, ரப்பருக்கு அடியில கருப்புக் கருப்பா பூஞ்சை.

2/
இத்தனைக்கும் தினமும் கழுவுற பாட்டில். அதாவது, தண்ணி ஊத்திக் குலுக்கிக் கொட்டுறதையே கழுவுறதுன்னு நெனச்சிட்டிருந்தேன். இதே தப்பை 150 வருஷம் முன்னாடி ஊர் ஊரா செஞ்சாங்க. அதற்குக் கொடுத்த விலை, பச்சைக் குழந்தைகளின் உயிர். கொஞ்சம் பொறுமையா படிங்க.

3/
விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்து. கண்ணாடிப் பால் பாட்டில், அதிலிருந்து நீளமான ரப்பர் குழாய், குழாயின் முனையில் நிப்பிள். குழந்தை பக்கத்தில் வைத்துவிட்டால் போதும். யாரும் பிடிக்க வேண்டாம், குழந்தையே சப்பிக் குடிக்கும். அம்மாவுக்கு வேலை மிச்சம். பாட்டில் நன்றாக விற்றது.

4/
சிக்கலே அந்தக் குழாய்தான். உள்ளே விரலும் போகாது, வெயிலும் படாது. ஒட்டிய பால் புளித்துக் கிருமிப் பண்ணையானது. போதாக்குறைக்கு, 1861-ல் வந்த இல்லப் பராமரிப்புப் புத்தகத்தில் இசபெல்லா பீட்டன், ஒருமுறை பொருத்திய நிப்பிளைப் புதுசு மாற்றும் வரை கழற்றவே வேண்டியதில்லை என்று எழுதியிருந்தார். பல வீடுகளில் வேதம்போல் நம்பிய புத்தகம் அது.

5/
இந்த பாட்டிலில் பால் குடித்த குழந்தைகள் வயிற்றுப்போக்கில் இறந்தார்கள். மருத்துவர்கள் எச்சரித்தும் விற்பனை நிற்கவில்லை. கடைசியில் அதற்கு வந்த பெயர் 'கொலைகார பாட்டில்'. பிரான்ஸ் 1910-ல் சட்டம் போட்டே குழாய் பாட்டிலைத் தடை செய்தது.

6/
தீர்வு என்ன தெரியுமா? புது மருந்து எதுவும் இல்லீங்க. 1890களில் இங்கிலாந்தில் படகு வடிவ பாட்டில் வந்தது. இரண்டு முனையும் திறந்திருக்கும். ஒரு பக்கம் தண்ணி விட்டால் மறுபக்கம் வரும், பிரஷ் உள்ளே போகும். அவ்வளவுதான் கண்டுபிடிப்பு.

7/
இப்ப நம்ம ஊருக்கு வாங்க. நம்ம பாட்டிகள் பால் புகட்டிய சங்கு, பாலாடையை நினைச்சுப் பாருங்க. மூடி இல்லை, குழாய் இல்லை, மூலை முடுக்கு இல்லை. ஒரு விரலால் தேய்ச்சா சுத்தம். சப்பிக் குடிக்க முடியாத குறைமாதக் குழந்தைகளுக்கு, கறந்த தாய்ப்பாலை இன்றைக்கும் பாலாடையில்தான் கொடுக்கச் சொல்றோம்.

8/
சரி, குலுக்கினா ஏன் போகல? நெதர்லாந்தின் லேவன்ஹூக் 1680களில் தன் பல் அழுக்கை நுண்ணோக்கியில் பார்த்தார். வினிகரால் வாய் கொப்பளித்தும், அழுக்கின் மேலே இருந்த உயிர்கள் மட்டும் செத்தன. அடியில் இருந்தவை பிழைத்தன. இன்று அந்தப் படலத்துக்குப் பெயர் பயோஃபிலிம். உங்க பாட்டிலுக்குள்ள வழவழன்னு தட்டுப்படுறதும் அந்த வகைதான். ஊற வெச்சா மட்டும் போதாது, தேய்க்கணும்.

9/
சுத்தம் பண்ற முறை:
• மூடியை முழுசா பிரிங்க. ரப்பர் வளையத்தையும் கழற்றுங்க.
• சோப்பு கலந்த வெந்நீரில் ஊற வைங்க.
• உள்ளே பாட்டில் பிரஷ், மூடிக்குத் தனியா ஒரு டூத் பிரஷ்.
• வாடை இருந்தா வினிகர் கலந்த தண்ணியில் ஊற வெச்சுத் திரும்பத் தேய்ங்க.
• வினிகரையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீங்க. விஷவாயு வரும்.

10/
பூஞ்சை திரும்ப வராம இருக்க: மூடியைப் போடாம, கவிழ்த்துக் காய வைங்க. ஈரத்தோட மூடி வைக்கிறதுதான் பூஞ்சைக்கு நாம கொடுக்கிற விருந்து. குளுக்கோஸ், ஜூஸ் ஊற்றினா வீட்டுக்கு வந்த உடனே கழுவுங்க, சர்க்கரை அதுக்குத் தீனி. தேய்ச்சும் கருப்பு போகலையா? மூடியைத் தூக்கிப் போடுங்க.

11/
பயமுறுத்தலை. ஆரோக்கியமா இருக்கிறவர் ஒரு வாய் குடிச்சா பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா ஆஸ்துமா, பூஞ்சை அலர்ஜி இருக்கிறவங்க, எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்க, சின்னக் குழந்தைகள் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம்.

12/
என் கவலை சைக்கிள் பாட்டில் இல்லீங்க. உங்க குழந்தை ஸ்கூலுக்குக் கொண்டு போற ஸ்ட்ரா வெச்ச பாட்டிலை இன்னைக்கு ராத்திரி பிரிச்சுப் பாருங்க. அந்த ஸ்ட்ராவும் ஒரு குட்டி ரப்பர் குழாய்தான். கைக்குழந்தைக்கோ பால் பாட்டிலே வேண்டாம். பால் பாட்டிலை விளம்பரம் செய்யக் கூடாதுன்னு 1992-லேயே இந்தியாவில் சட்டம் வந்தாச்சு. தாய்ப்பால், தேவைப்பட்டா பாலாடை. போதும்.

13/
பாட்டில் வாங்கும்போது விலைக்கு முன்னாடி வாயைப் பாருங்க. கை நுழையுதா, மூடி முழுசா பிரியுதா? இல்லைன்னா வாங்காதீங்க.


அரசு மருத்துவர், வாழப்பாடி