சூரியன் போன பிறகு வரைந்தவர்

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, மேற்கு தாம்பரத்திலிருந்து முடிச்சூர் ரோட்டில் வண்டி ஓட்டியிருக்கிறீர்களா? சூரியன் நேராக வந்து கண்ணில் குத்தும். முன்னால் போகிற ஷேர் ஆட்டோ, மின்கம்பம், பனைமரம் எல்லாம் வெறும் கறுப்பு உருவங்களாகத் தெரியும். வாயில் திட்டு வரும். ஆனால், ஓவியம் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வகுப்பறை கிடையாது!

நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் உட்கார்ந்து அதை வரைந்து பார்த்தேன். பேப்பர் முழுக்க ஆரஞ்சு. நட்ட நடுவில் சூரியன், முட்டையின் மஞ்சள் கரு மாதிரி. இரண்டு பக்கமும் ஆளுக்கொரு தென்னைமரம். ஸ்கூலில் நீங்களும் நானும் போட்ட அதே படம்தான். எல்லாம் இருந்தது, வெளிச்சத்தைத் தவிர. எங்கே தப்பு?

பதில் 1883ஆம் வருடத்தில் இருக்கிறது.

ஆகஸ்ட் 27. ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவே கிரகடோவா எரிமலை வெடித்துச் சிதறியது. 36 ஆயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். பெரும்பாலோரைக் கொண்டுபோனது சுனாமி. எரிமலை கக்கிய நுண்துகள்கள் வானத்தில் பல கிலோமீட்டர் உயரத்துக்குப் போய், காற்றோடு பூமியைச் சுற்ற ஆரம்பித்தன. செப்டம்பரில் மெட்ராஸ்வாசிகள் அண்ணாந்து பார்த்தால்... சூரியன் பச்சை!

அந்தப் பச்சை சூரியனை நிறமாலைமானி வைத்து ஆராய்ந்தவர் சார்லஸ் மிச்சி ஸ்மித், மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர். ஆமாம், இன்று முடிச்சூர்க்காரர்களுக்குப் பக்கத்தில், தாம்பரத்தில் இருக்கும் அதே கல்லூரிதான். அப்போது ஜார்ஜ் டவுனில் இருந்தது. 1937இல்தான் இங்கே குடிவந்தது. ஸ்மித் பின்னாளில் கொடைக்கானல் வானாய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார்.

நவம்பரில் துகள்கள் வடக்கே போய்ச் சேர்ந்தன. சூரியன் மறைந்த பிறகும் மேற்கு வானம் ரத்தச் சிவப்பாக எரிந்தது. அமெரிக்காவில் பக்கிப்ஸி என்ற ஊரில், எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று தீயணைப்பு வண்டிகளே கிளம்பிவிட்டன!

லண்டனில் ஒருவர் மட்டும் பதறவில்லை. வில்லியம் ஆஸ்க்ராஃப்ட் என்ற ஓவியர், செல்சீ பகுதியில் தேம்ஸ் நதிக்கரையில் பேஸ்டல் கட்டிகளோடு உட்கார்ந்துவிட்டார். எண்ணெய் வர்ணம் காய நாளாகும். வானமோ நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுகிறது. அதனால்தான் பேஸ்டல். சில நிமிஷத்துக்கு ஒரு தாள். நவம்பர் 26ஆம் தேதி ஒரே மாலையில் அடுத்தடுத்துப் பல படங்கள். மொத்தத்தில் 500க்கும் மேல்!

அந்தப் படங்களைப் பார்த்தால், என் மொட்டைமாடிப் படத்தின் மூன்று தப்புகளும் பளிச்சென்று விளங்கும்.

ஒன்று, படத்தின் பெரும்பகுதி ஆகாயம். அடியில் இருண்ட கரை, அவ்வளவுதான். நானோ தரைக்குப் பாதியைத் தாரைவார்த்திருந்தேன்.

இரண்டு, இருட்டு. காமர்ஸ் படித்தவனுக்கு இது சட்டென்று புரியும். பற்று இல்லாமல் வரவு கிடையாது. பேப்பரின் வெள்ளையைவிடப் பிரகாசமாக எந்த வர்ணமும் இல்லை. எனவே, ஓரிடத்தில் வெளிச்சத்தை வரவு வைக்க, மற்ற இடங்களில் இருட்டைப் பற்று எழுதியே ஆகவேண்டும். எல்லா இடத்திலும் ஆரஞ்சு பூசினால் கணக்கு நேராகாது.

மூன்றாவதுதான் முக்கியம். சூரியன் போனதும் அவர் எழுந்து போகவில்லை. நமக்குச் சூரியன் மறைந்தாலும், வெகு உயரத்திலிருக்கும் துகள்களுக்கு இன்னும் மறையவில்லை. அவை மேலிருந்து ஒளியை வாரி இறைக்கும். உண்மையான நாடகம் அப்போதுதான். நான் சூரியனை வரைந்துவிட்டுக் காபி குடிக்க இறங்கிவிட்டேன்!

வண்ணப் புகைப்படம் நடைமுறைக்கு வராத காலம் அது. 1888இல் ராயல் சொசைட்டி கிரகடோவா பற்றி வெளியிட்ட அறிக்கையில் ஆஸ்க்ராஃப்டின் ஓவியங்களே சாட்சியாக இடம்பெற்றன. 2007இல் கிரேக்க விஞ்ஞானிகள் 1500 முதல் 1900 வரையிலான 554 அஸ்தமன ஓவியங்களை அளந்து பார்த்தார்கள். பெரிய எரிமலைகள் வெடித்ததற்கு அடுத்த வருடங்களில் தூரிகைகளில் சிவப்பு கூடியிருந்தது! ஓவியர்களுக்குக் காரணம் தெரியாமல் இருந்திருக்கலாம். கண் பொய் சொல்லவில்லை.

சரி, உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். ஆறு தபால் அட்டை, நாலு கலர் சாக்பீஸ் எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போங்கள். ஒரே தண்ணீர்த் தொட்டி, ஒரே பனைமரம், இடம் மாறக்கூடாது. ஐந்து நிமிஷத்துக்கு ஓர் அட்டை. முதல் அட்டையை எப்போது தொடங்க வேண்டும் தெரியுமா?

சூரியன் மறைந்த பிறகு!