க்ளோஸ்டர்லிஷ்

துறவு மடத்தைச் சார்ந்த, மடத்து வாழ்வுக்குரிய என்று பொருள்படும் ஜெர்மன் பெயரடை. ஒதுங்கிய அமைதியையும் எளிமையையும் சுட்டவும் வழங்கும். இதன் முதல் உயிர் தூய ஓகாரம் அன்று. உதட்டை 'ஓ'வுக்குக் குவித்தபடியே 'ஏ' என்றால் எழும் ஒலி.

மடத்தைக் குறிக்கும் 'க்ளோஸ்டர்', தாழ்ப்பாள், அடைத்த இடம் எனப் பொருள்தரும் 'கிளாஸ்ட்ரும்' என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தது. 'லிஷ்' விகுதி உடல், உருவம் என்று பொருள்பட்ட பழைய ஜெர்மானியச் சொல்லின் எச்சம். பிணத்துக்கு இன்று வழங்கும் 'லைஷெ'யும் அதே வேரினது. விகுதியின் இகரமே முன்னுள்ள ஓகாரத்தைத் திரித்தது.

ஜெர்மன் மொழியில் மடத்துச் சொற்கள் உருவான விதத்துக்கு நல்ல சான்று சுவிட்சர்லாந்தின் சங்க்ட் காலன் மடம். 719இல் ஒட்மார் நிறுவிய இம்மடத்தின் நூலகத்தில், 9ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எழுதிய பெனடிக்ட் ஒழுங்குவிதிப் படி ஒன்று உள்ளது. இலத்தீன் வரிகளுக்கு மேலே சொல்லுக்குச் சொல் ஜெர்மன். அதே நூற்றாண்டில் ரைஷனௌ மடத்தில் வரைந்த மட வரைபடமும் அங்கேயே இருக்கிறது. ஐந்து தோல்களைத் தைத்து இணைத்த அதில் மருத்துவர் வீடு, மூலிகைத் தோட்டம், கோழிக்கூடு, வாத்துக்கூடு, இரண்டுக்கும் நடுவே காவலாளின் குடில் வரை இடம் குறித்திருக்கிறது. கட்டுவதற்கான வரைபடமா, இலட்சிய மடத்தின் மாதிரியா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. 12ஆம் நூற்றாண்டில் ஒருவர் அதன் பின்புறத்தில் புனித மார்ட்டின் வரலாற்றை எழுதினார். இடம் போதாமல் முன்பக்கத்துக்கு வந்து ஒரு கட்டடத்தையே சுரண்டி அழித்தார்.

இலக்கணம்: பெயரின் பாலைச் சுட்டுச்சொல் காட்டிவிட்டால் பெயரடைக்கு வேலை குறைவு, 'தஸ் க்ளோஸ்டர்லிஷெ லேபன்' (அந்த மடத்து வாழ்வு) என எகரத்தோடு நிற்கும். 'ஐன்' (ஒரு) பால் காட்டாதபோது அப்பொறுப்பு பெயரடைக்கு வருகிறது: 'ஐன் க்ளோஸ்டர்லிஷெஸ் லேபன்'. பயனிலையாகவோ வினையடையாகவோ வந்தால் ஈறே இல்லை. ஒப்புமை வடிவம் 'அமைதியான' என்ற பொருளில்தான் இயல்பு. மடத்துக்குச் சொந்தமான நிலம் இன்னொன்றைவிட அதிகம் 'மடத்தது' ஆகாது.

இதற்கு நெருங்கிய 'மென்ஷிஷ்' (துறவிக்குரிய) என்ற சொல்லில் சில வேளை இளக்காரம் தொனிக்கும். 1521இல் துறவு நேர்ச்சைகளைத் தாக்கி எழுதிய சமயச் சீர்திருத்தவாதி லூதரின் காலத்துப் பூசலே காரணம் என்பாரும், 'இஷ்' விகுதியின் இயல்பே அது என்பாரும் உளர். இரண்டும் சேர்ந்திருக்கலாம். அச்சொல் ஆண் துறவியை அடியாகக் கொண்டது. க்ளோஸ்டர்லிஷ் கன்னியர் மடங்களுக்கும் பொருந்தும்.



இன்றைய விற்பனைப் பெயர்களில் பெயரடை அரிது. மடத்து பீர் 'க்ளோஸ்டர்பியர்' எனப் பெயர்த்தொகையாகவே வழங்குகிறது.